உப்பும் வேரும் நஞ்சும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் யாத்திரிகர்கள், கோவளத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக, மேற்கே உப்பங்கழியும் கிழக்கே வங்கக் கடலும் விரிந்து கிடக்க, முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடந்து போகிறார்கள். படகுத்துறையின் கோலாகலம் கண்ணைக் கவர்வதால், அப்பாலத்துக்கு அருகில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு காரியத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கோடையில் அலைகள் கொண்டுவந்து குவிக்கும் மணல் கழியின் முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை பெய்து மேற்கேயுள்ள ஏரிகளின் உபரிநீர் கழியில் வந்து சேரும்போது, வாய் அடைபட்டிருந்தால் நீர்மட்டம் ஏறிக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகும். ஆகையால் மழைக்கு முன்னரே மணல்மேட்டை வெட்டி, கழிக்கும் கடலுக்கும் வழிசெய்து வைக்கிறார்கள்.

இரத்தக் கொதிப்பு என்று நம் பெரியோர் வழங்கிவந்த நோயின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே. இருதயம் தள்ளும் வேகம் ஒன்று; நாளங்களுக்குள் ஓடும் நீரின் அளவு மற்றொன்று; அந்நீர் கடந்து செல்ல வேண்டிய நுண்ணிய தமனிகளின் குறுக்கம் மூன்றாவது. இம்மூன்றும் அளவோடு இருக்கும்வரை தேகம் சுகமாயிருக்கிறது. ஒன்று மிஞ்சினாலும் அழுத்தம் ஏறி, வலியோ அடையாளமோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்று, மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் அரித்துவிடுகிறது. கொதிப்புக்கென்று இதுகாறும் கண்டுபிடிக்கப்பட்ட ஔஷதங்கள் எல்லாம் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தணிப்பவையே.

ஆயினும், கழியின் வாயை வெட்டுகிறவருக்கு இல்லாத ஒரு சங்கடம் வைத்தியருக்கு உண்டு. தேகத்தில் ஒரே நரம்பு பத்து இடங்களில் தொழில் செய்கிறது. ஒரே ரசாயனம் நாளத்தில் ஒன்றும் நுரையீரலில் வேறொன்றும் மூளையில் மற்றொன்றுமாகக் காரியம் ஆற்றுகிறது. ஆதலால் அழுத்தத்தைத் தணிக்கச் சென்ற மருந்து, போகிற வழியில் தலைச் சுற்றலையும் இருமலையும் கால் வீக்கத்தையும் மனச்சோர்வையும் விளைத்துவிடுவது உண்டு. "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கவில்லை" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் சொல்லை, வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கொதிப்பு மருந்துகளின் சரித்திரத்தை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும்: அச்சரித்திரத்தை ஒவ்வொரு படியிலும் முன்னே தள்ளியது அந்தச் சொல்தான். அந்தச் சரித்திரத்தின் பிரதானப் பொருள்கள் மூன்று: உப்பு, ஒரு வேர், பாம்பின் நஞ்சு. இவற்றுள் உப்பு விளைவிப்பதும் பாம்பு பிடிப்பதும் முட்டுக்காட்டைச் சூழ்ந்த கடற்கரையின் பழந்தொழில்கள். வேரோ பாரதத்தின் காடுகளில் விளைந்தது.

உப்பிலிருந்தே தொடங்குவோம். நெய்தல் நிலத்து உமணர்கள் வண்டிகளில் உப்பேற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்று நெல்லுக்கு மாற்றிய காலந்தொட்டு, தமிழ்நாட்டுக் கீழைக்கரையில் உப்பு விளைவிக்கும் தொழில் இடையறாது நடந்துவருகிறது. முட்டுக்காட்டுக் கழியை அடுத்த கேளம்பாக்கம், கோவளம் ஊர்களின் உப்பளங்கள் அம்மரபைச் சேர்ந்தவை. 1805ல் கிழக்கிந்தியக் கும்பெனியார் சென்னை ராஜதானியில் உப்பைத் தமது ஏகபோகமாக்கிக்கொண்டனர். பிற்காலத்தில், 1877–78ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழை ஜனங்களின் உழைப்பால் செப்பனிடப்பெற்று, அன்றைய கவர்னரின் பெயரைச் சூடிக்கொண்ட பக்கிங்ஹாம் கால்வாயில், விறகோடு உப்பும் படகுகளில் பட்டணத்துக்குப் போயிற்று. மீனைக் கருவாடாக்கவும் மாங்காயை ஊறுகாயாக்கவும் கஞ்சிக்குச் சுவையூட்டவும் உப்பே துணையாயிருந்த இக்கரையில், அது உயிர்நாடியான பண்டம். இன்றோ, அதே கரையில், நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு, கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலை ஒன்று இயங்குகிறது. தேகத்துக்குள் அந்த ஆலையின் தொழிலை அகோராத்திரமும் செய்துகொண்டிருப்பது சிறுநீரகம். அது உப்பை வெளியேற்றத் தவறும்போது, உப்பு தன்னோடு நீரையும் பிடித்து நிறுத்துகிறது, நாளங்களில் நீர் மிகுகிறது, அழுத்தம் ஏறுகிறது.

இந்த அழுத்தத்தை அளக்கும் வித்தையே மிகவும் பிற்பட்டது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பி நின்றதைக் கண்டு எழுதிய நூல் 1733ல் வெளிவந்தது. மனிதரின் கையில் பட்டையைச் சுற்றிப் பாதரசத்தால் அளக்கும் கருவியை இத்தாலிய வைத்தியர் ரீவா ரோச்சி 1896ல் அமைத்தார்; தமனியின் மேல் குழலை வைத்து ஒலியைக் கேட்டு மேலளவையும் கீழளவையும் பிரித்தறியும் முறையை ருஷ்ய வைத்தியர் கொரோட்கோவ் 1905ல் அறிவித்தார். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் கையாளும் முறைக்கு மூலம் அதுவே. உப்பைக் குறைத்தால் அழுத்தம் தணிகிறது என்பதை அம்பார்ட், போஜார் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் 1904லேயே கண்டிருந்தனர். 1940களில் அமெரிக்காவில் வால்ட்டர் கெம்ப்னர் என்பவர், உப்பில்லாச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவற்றை மாத்திரமே ஆகாரமாகக் கொடுத்து, மரணத்தின் வாயிலில் நின்ற பலருடைய கொதிப்பைத் தணித்துக் காட்டினார். ஆனால் உப்பில்லாச் சோற்றை மாதக்கணக்கில் உண்டு வாழ்வது எத்தனை பேருக்குச் சாத்தியம்? பத்தியமும் ஒருவகை மருந்தே. அதுவும் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மருந்து இல்லாத அக்காலத்தின் கொடுமையை உணர்த்த ஓர் உதாரணம் போதும். உலகத்தின் மிகச் செல்வாக்குள்ள மனிதர்களில் ஒருவராகிய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, அழுத்தம் 300க்கு 190 என்ற அளவை எட்டி, மூளையில் இரத்தம் கசிந்து மரணமடைந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களிடம் ஓய்வும் உப்புக் குறைப்பும் சில சாந்த மருந்துகளும் தவிர வேறில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளை அறுத்தெறியும் கடும் ரண சிகிச்சை ஒன்று இருந்தது. அதைச் செய்துகொண்டவர்கள் எழுந்து நின்றால் மயங்கி விழுந்தார்கள். 1950ஐ ஒட்டி வந்த ஹெக்ஸாமெத்தோனியம் அதே நரம்புகளை மருந்தாலேயே அடக்கிற்று. அதுவும் மயக்கத்தையும் வாய் உலர்வையும் கடும் மலச்சிக்கலையும் கொண்டுவந்தது. உயிர் பிழைக்கலாம்; வாழ்வது சிரமம் என்ற நிலையில் நோயாளிகள் இருந்தனர்.

அந்த வேளையில் உலகத்துக்குக் கைகொடுத்தது பாரத தேசத்தின் ஒரு சிறு செடி. இமயத்தின் அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும் நிழலில் வளரும் சர்ப்பகந்தாவின் வேரை, விஷக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் நம் நாட்டார் வெகு காலமாகக் கொடுத்துவந்தனர்; பீகார்ப் பக்கத்தில் அதற்குப் பைத்தியத்தின் மருந்து என்றே பெயர். கல்கத்தாவில் கணநாத் சென் என்ற ஆயுர்வேத வித்துவானும் கார்த்திக் சந்திர போஸும், 1931ல், இவ்வேர் புத்தி பேதத்துக்கு மட்டுமன்றி இரத்தக் கொதிப்புக்கும் உதவும் என்று எழுதி வெளியிட்டார்கள். அதே ஆண்டில், டில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய திப்பியாக் கல்லூரியில், சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் அவருடைய சகாவும் வேரின் சாரங்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு அந்தப் பெரியாரின் ஞாபகமாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். கர்னல் ராம்நாத் சோப்ரா கல்கத்தா உஷ்ணப் பிரதேச வைத்தியக் கல்லூரியில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1934ல் செர்பினா என்ற பெயரில் இவ்வேர் மாத்திரையாகக் கடைக்கு வந்தது.

எனினும், உலகம் செவிசாய்த்தது பம்பாயின் இருதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் பேசிய பிறகே. 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்து, நாள்தோறும் அழுத்தத்தை அளந்து, ஏறுவதையும் இறங்குவதையும் ஒழுங்காகக் குறித்து, அவர் எழுதிய கட்டுரை 1949ல் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் பிரசுரமாயிற்று. பாஸ்டன் நகரத்து வைத்தியர் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் படித்துத் தம் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். 1952ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா நிறுவனத்து ரசாயன நிபுணர்கள் வேரின் ஜீவசாரமாகிய ரிசர்பினைத் தனியே பிரித்தெடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் ஹார்வர்டின் வுட்வார்ட் அதைச் செயற்கையாகவே சமைத்துக் காட்டினார். 1957ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. ரிசர்பினோடு வேறொரு மருந்தும் சேர்ந்த அடெல்ஃபேன் மாத்திரை, தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு தலைமுறை முழுவதும் பிரஷர் மாத்திரை என்பதற்கே மறுபெயராக விளங்கியதைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள்.

இத்துணைப் புகழுக்கும் ஒரு துக்கம் பின்தொடர்ந்தது. நாளங்களைச் சுருக்கும் நரம்புகளின் நுனியில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் ரசாயனத்தை ரிசர்பின் வற்றச் செய்கிறது. அதனாலேயே நாளங்கள் தளர்ந்து அழுத்தம் தணிகிறது. ஆனால் அதே ரசாயனமும் அதன் சகோதரங்களும் மூளையிலும் உண்டு. அங்கும் அவை வற்றிப்போக, மூக்கடைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் தொடங்கிய உபத்திரவம், சிலருக்குக் காரணமறியாத ஆழ்ந்த விசாரமாக முற்றிற்று. சிரித்த முகமாயிருந்தவர்கள் பேச்சற்று, பசியற்று, ஜீவிதத்திலேயே பற்றற்றுப்போனதை வீட்டார் கண்டார்கள். வாஷிங்டனில் எட்வர்ட் ஃபிரீஸ் என்ற வைத்தியர், நீண்ட காலம் பெரிய அளவில் இதை உட்கொண்டோரிடம் தோன்றும் மனச்சோர்வை 1954லேயே எழுதி எச்சரித்தார். மூளையின் ரசாயனங்கள் குறைவதால் மனச்சோர்வு பிறக்கிறது என்ற சித்தாந்தம் உருவாக முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இந்த அனுபவமே அமைந்தது என்பதை நினைக்கும்போது, நோயாளியின் முறையீடு எத்தகைய ஞானத்துக்கு வாசல் திறக்கக்கூடும் என்பது விளங்குகிறது. மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தபோது உபத்திரவமும் பெரும்பாலும் குறைந்தது; ஆயினும் மனத்தை வாட்டாத மருந்தைத் தேடும் பிரயத்தனம் அதற்குள் தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தது மறுபடியும் உப்பின் கதையே. 1957ஐ ஒட்டி அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் உருவான குளோரோதையசைடு, சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றும்படி செய்தது. கெம்ப்னரின் உப்பில்லாச் சோறு செய்த காரியத்தை ஒரு சிறு மாத்திரை செய்துவிட்டது. ஆனால் உப்போடு பொட்டாசியமும் வெளியேறித் தசைகள் சோர்ந்தன. சிலருக்குக் கீல்வாதம் கிளம்பிற்று. சிலருக்குச் சர்க்கரை ஏறிற்று. ஒரே மருந்தைப் பெரிய அளவில் கொடுப்பதை விட, இரண்டு மூன்று மருந்துகளைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுத்தால், பலன் கூடி உபத்திரவம் குறையும் என்ற விவேகம் அக்காலத்தில்தான் பிறந்தது. முன்னே எச்சரித்த அதே ஃபிரீஸ், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கீழளவு 115க்கும் 129க்கும் இடைப்பட்ட 143 ஆடவரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 1967ல் வெளிவந்தது. 73 பேருக்குத் தையசைடு, ரிசர்பின், ஹைட்ரலசின் மூன்றும் தரப்பட்டன. 70 பேருக்கு மருந்தில்லாப் பொய் மாத்திரை. மருந்து பெறாதோரிடையே 27 கடும் விபத்துகள் நேர்ந்தன, பெற்றோரிடையே இரண்டே. கொதிப்பைத் தணித்தால் உயிர் நிலைக்கும் என்பதை உலகம் ஐயமறக் கண்டது அப்பொழுதுதான். அந்தச் சாட்சியத்தில் மூன்றிலொரு பங்கு நம் காட்டு வேருக்கு உரியது.

பின்னர் வந்தவற்றுள் சிலவற்றைச் சுருங்கச் சொல்லிச் செல்லலாம். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் மார்வலிக்கென்று உண்டாக்கிய புரப்ரனலால் கொதிப்பையும் தணிப்பதை 1964ல் கண்டார்கள்; அது இருதயத்தின் வேகத்தைக் குறைத்தது; ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை அடைத்தது. சுண்ணச்சத்து நாளத் தசைக்குள் புகுவதைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. அவற்றுள் இன்று நம்மூரில் மிகப் பரவலாக வழங்கும் அம்லோடிபின் பலருக்குச் சுகமாயிருக்க, சிலருக்கு மாலையானால் கணுக்காலை வீங்க வைக்கிறது. 1960களின் தொடக்கத்தில் வந்த மெத்தில்டோபா தூக்கத்தைத் தருவதென்று பெரும்பாலோரால் கைவிடப்பட்டும், கருவிலுள்ள சிசுவுக்கு ஊறு செய்யாதென்ற நம்பிக்கையைப் பெற்றமையால், கர்ப்பிணிகளின் மருந்தாக இன்றும் நிலைத்திருக்கிறது. ஒருவர் தள்ளிய மருந்து மற்றொருவருக்குச் சஞ்சீவியாவது இத்துறையின் விசித்திரம்.

இனி நஞ்சின் கதை. முட்டுக்காட்டிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் வடநெம்மேலி. அங்கே 1976ல் தோன்றிய முதலைப் பண்ணையின் வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடந்துவருகிறது. பாம்புத் தோல் வாணிபம் சட்டத்தால் நின்றுபோக, பிழைப்பிழந்த இருளர் குடிகளுக்கு அவர்களுடைய குலவித்தையையே ஜீவனமாக்கித் தந்தது ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் முயன்று கண்ட இந்த ஏற்பாடு. வரப்போரத்துத் தடத்தைக் கண்டே பாம்பின் வகையறியும் இவர்கள், நல்ல பாம்பையும் கட்டுவிரியனையும் கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும் பிடித்துவந்து, மண்பானைகளில் வைத்துக் காத்து, நஞ்சைக் கறந்தெடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மாற்று மருந்து செய்ய அந்நஞ்சு செல்கிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023ல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது, செங்கற்பட்டுச் சீமையே பெருமிதம் கொண்டது.

நஞ்சே மருந்தாகும் என்ற இந்தப் பழைய ஞானம், கொதிப்பின் சரித்திரத்தில் பிரேசில் தேசத்தின் வழியாக நுழைந்தது. அந்நாட்டு ஜராராக்கா விரியன் தீண்டியவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று வீழ்ந்துவிடும். 1949ல் ரோச்சா இ சில்வாவும் அவர் தோழர்களும், அந்நஞ்சு பட்ட இரத்தத்தில் நாளங்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருள் தோன்றுவதைக் கண்டார்கள். அவருடைய மாணாக்கர் செர்ஜியோ ஃபெரெய்ரா, பிராடிகைனின் அழியாமல் காக்கும் ஒரு சத்தும் அந்நஞ்சிலேயே இருப்பதை 1965ல் கண்டு, அதை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். பிராடிகைனினை அழிக்கும் நொதியும், நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினைப் பிறப்பிக்கும் நொதியும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. அந்நொதியின் வாயில் சரியாகப் பொருந்தி அதை அடைக்கும் ஒரு சிறு மூலக்கூறை, ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மனும் ஒண்டெட்டியும் 1975ல் செய்து முடித்தார்கள். அதுவே 1981ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோபிரில். அதன் வழிவந்த எனலாபிரில் நம் அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது.

ஆனால், காப்பாற்றிய பொருளே உபத்திரவத்துக்கும் காரணமாயிற்று. அழியாமல் மிஞ்சிய பிராடிகைனின் சிலருடைய சுவாசக் குழாயைக் கிளறி, சளியில்லாத வறட்டிருமலை உண்டாக்கிற்று. இரவெல்லாம் இருமுகிறவரைச் சளியென்று எண்ணிக் கஷாயம் கொடுத்தும், காசநோயோ என்று அஞ்சி எக்ஸ்ரே எடுத்தும் அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. மாத்திரையே காரணம் என்பதை வைத்தியர்கள் உணரச் சில ஆண்டுகள் ஆயின. உணர்ந்தபின், நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் சென்று பற்றும் இடத்தை மாத்திரம் மூடும் மருந்தைத் தேடினார்கள். 1995ல் வந்த லோசார்ட்டன் அவ்வகையில் முதலாவது. இருமல் போயிற்று, அழுத்தமும் தணிந்தது.

இவ்வளவு மருந்துகள் இருந்தும், ஏழையின் கைக்கு எட்டுவதெது என்ற கேள்வி தமிழ்நாட்டில் எப்போதும் எழுந்து நின்றது. சென்னையின் பிரசித்தி பெற்ற சிறுநீரக வைத்தியர் எம்.கே. மணி, தாம் நடத்திய சிறுநீரக உதவி அறக்கட்டளையின் வாயிலாக, பட்டணத்தை அடுத்த கிராமங்களில் ஏறக்குறைய 25,000 ஜனங்களை வீடுவீடாகப் பரிசோதித்து, கொதிப்புள்ளோருக்கு விலை மலிவான ரிசர்பின், தையசைடு, ஹைட்ரலசின் மூன்றையுமே கொடுத்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அழுத்தம் அடங்கியதை 2003ல் உலகுக்கு அறிவித்தார். மேனாடுகள் மறந்துபோன வேர், பிறந்த தேசத்து ஏழைகளின் சிறுநீரகத்தைக் காக்கத் திரும்பி வந்தது. 1994ல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் ஒழுங்கை ஏற்படுத்தியது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வப் பெண்கள் வாசற்படிக்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரை தருகிறார்கள்.

அவ்வாசற்படியில் நிகழும் உரையாடலையே இக்கட்டுரையின் முடிவான பொருளாக எண்ணுகிறேன். "மாத்திரை போடுறீங்களா பாட்டி?" என்ற கேள்விக்கு, "போடறேம்மா" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, தலை சுற்றுவதாலோ கால் வீங்குவதாலோ மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் முதியவர்கள் நம் ஊர்தோறும் இருக்கிறார்கள். வைத்தியரின் கோபத்துக்கு அஞ்சி அவர்கள் மௌனமாயிருக்கிறார்கள்; அம்மௌனத்தின் மறைவில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் சீறி எழும் என்பதும் அவர்கள் அறியாதது. ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வது குற்றமன்று. சொல்லாமல் நிறுத்துவதே அபாயம். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், இரண்டைச் சேர்க்கலாம், உப்பைக் கட்டுப்படுத்தலாம். இத்தனை வழிகளும் திறந்திருப்பதற்கு, முன்னொரு காலத்தில் பாஸ்டனிலும் பம்பாயிலும் லண்டனிலும் யாரோ ஒரு நோயாளி வாய்திறந்து முறையிட்டதும், யாரோ ஒரு வைத்தியர் அதைச் செவிகொடுத்துக் கேட்டதுமே காரணம்.

முட்டுக்காட்டுக் கழியில் நீர் ஏறுவதைக் கரையில் குடியிருப்பவரே முதலில் அறிகிறார். அவர் சொல்ல, மண்வெட்டி எழ, முகத்துவாரம் திறக்கிறது. தேகமாகிய கழிக்கரையில் குடியிருப்பவர் நோயாளி. அவருடைய சொல் வைத்தியரின் காதில் விழ வேண்டும்.